வடக்கே கோடை முடியும் வேளையில் நுவரெலியாப் பறவைகள்

சோளகம் தணிந்து வாடை எழுவதற்கு முன்னர் இலங்கையின் வானிலே ஓர் இடைவெளி உண்டு. ஆவணியின் பிற்பகுதியும் புரட்டாசியும் அவ்விடைவெளிக் காலமாகும். யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் வாழ்வோர் அதனைக் காற்றின் திசைகொண்டு அறிவர். மட்டக்களப்பார் கச்சானின் வெம்மை குறைவதைக்கொண்டு அறிவர். நுவரெலியாவிலோ அதற்கு வேறோர் அடையாளம் உண்டு. வைகாசி தொடங்கி மலையை மூடிக்கிடந்த மழைமுகில் ஒருநாட் காலையிற் சற்றே விலகும். அன்று கிறகரி வாவியின் கரையிலே, முந்திய நாள்வரை அங்கில்லாத ஒரு சிறு பறவை, ஈரக் கற்களுக்கிடையே வாலை மேலுங் கீழுமாக அசைத்துக்கொண்டு நடமாடும். முதுகு சாம்பல் நிறம். வயிறும் வாலின் அடியும் மஞ்சள். அதுவே சாம்பல் வாலாட்டி. இமயமலைச் சாரலிலும் அதற்கப்பாலுள்ள நாடுகளிலும் ஓடைக் கரைகளிற் குஞ்சு பொரித்துவிட்டு, கோடை முடியுமுன்னரே புறப்பட்டு வந்துவிட்ட விருந்தாளி அது.

மலைநாட்டுக்கு வரும் வலசைப் பறவைகளுள் இவ்வாலாட்டி முந்தி வருவனவற்றுள் ஒன்று. ஓகஸ்ட் மாத இறுதியிலேயே தேயிலைத் தோட்டத்துப் பாதைகளிலும், லயங்களின் முன்னே ஓடும் நீர்க்கால்களிலும் அதனைக் காணலாம். காலையிற் கொழுந்தெடுக்கச் செல்லும் பெண்களுக்கு முன்னே, பத்தடி பறந்து இறங்கி, வாலை ஆட்டி, மறுபடியும் பத்தடி பறந்து, வழிகாட்டுவதுபோலச் செல்லும். அதனை அறியாதார் மலைநாட்டில் இலர். ஆயினும் அது எங்கிருந்து வந்ததென்று எண்ணுவோர் சிலரே.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், நாற்புறமும் மலைகள் சூழ்ந்த ஒரு தட்டிலே அமைந்த நகரம். வடபுறத்தே நிற்பது இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலை. அதன் உயரம் 2,524 மீற்றர். அம்மலையிலிருந்து இறங்கும் நீர் ஒருகாலத்தில் நகரின் தாழ்ந்த பகுதியிலே தேங்கிச் சதுப்பாய்க் கிடந்தது. 1873 இல் தேசாதிபதி சேர் வில்லியம் கிறகரி அச்சதுப்பை அணைகட்டி வாவியாக்குவித்தார். ஆகவே இன்று உல்லாசப் பயணிகள் கண்டு மகிழும் வாவி இயற்கை தந்ததன்று, மனிதர் வெட்டியது. பறவைகள் அவ்வேற்றுமையைப் பாராட்டுவதில்லை. நீரும் நாணலும் சேறும் இருந்தால் அவற்றுக்குப் போதும்.

அதே 1873 ஆம் ஆண்டில் வேறொரு காரியமும் நிகழ்ந்தது. வாவியைக் காட்டிலும் அதுவே பறவைகளுக்குப் பெரிதாக உதவிற்று. மலைச்சரிவுகள் முழுவதையும் கோப்பித் தோட்டங்கள் விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஆங்கிலத் தாவரவியலறிஞர் சேர் யோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளை அழியாமற் காக்க வேண்டுமென்று ஆலோசனை கூறினார். அரசாங்கமும் அவ்வுயரத்துக்கு மேலே காடு வெட்டுவதைத் தடுத்தது. அவ்வாணை முற்றாகக் கைக்கொள்ளப்பட்டது என்று சொல்லுதற்கில்லை. எனினும் பீதுருதாலகாலையின் தோள்களிலும், ஹக்கலையின் முகட்டிலும், ஹோர்ட்டன் சமவெளியிலும் இன்று எஞ்சி நிற்கும் காடு அதனாலேயே எஞ்சிற்று எனலாம்.

முதலில் வாவியைப் பார்ப்போம். அதிகாலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்குமிடையே, படகுகள் ஓடத் தொடங்குமுன், நீரின்மேல் வெண்பஞ்சுபோல மூடுபனி கிடக்கும் வேளையே உகந்தது. நாணலோரத்திற் சிவந்த நெற்றியுடைய தாழைக்கோழி நீந்தும். வெண்மார்புடைய கானாங்கோழி குட்டை வாலை நிமிர்த்தி நடக்கும். முக்குளிப்பான் இமைப்பொழுதில் மூழ்கி, எதிர்பாராத இடத்தில் எழும். சிறு நீர்க்காகம் ஒன்று கட்டையின்மேல் இறகை விரித்து வெயிலுக்காகக் காத்திருக்கும். இவை ஆண்டு முழுவதும் இருப்பவை. இவற்றை முதலில் நன்றாக அறிந்துகொள்ளுதல் நல்லது. ஊராரை அறிந்தவனுக்கன்றோ விருந்தாளியை அடையாளம் தெரியும்?

செப்டெம்பரில் விருந்தாளிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து சேரும். சேற்றோரத்தில் உள்ளான் இனத்தைச் சேர்ந்த ஒரு பறவை தனியே ஓடித் திரியும். அதன் உடலின் பின்பகுதி ஓயாமல் தாழ்ந்தும் உயர்ந்தும் அசையும். வாலாட்டி வாலை ஆட்டுகிறது. இவ்வுள்ளானோ இடுப்பையே ஆட்டுகிறது. தூரத்திலிருந்து நிறம் தெரியாத மங்கலான காலையில் இவ்வசைவு ஒன்றே இரண்டையும் பிரித்துக் காட்டப் போதுமானது. இன்னுஞ் சில வாரங் கழித்து, மரநிழலிற் காட்டு வாலாட்டி என்னும் மூன்றாமவர் வருவார். அவர் கிழக்காசிய நாடுகளிலிருந்து வருபவர். வாலாட்டி இனத்தவர் யாவரும் வாலை மேலுங் கீழும் ஆட்ட, இவர் ஒருவர் மட்டும் இடமும் வலமுமாக ஆட்டுவார். ஏன் என்று எவரும் திட்டமாக விளக்கினாரில்லை. பறவை காண்போர்க்கு அது பெரிய உதவி என்ற அளவில் நின்றுவிடலாம்.

வாவிக்கு அண்மையிலுள்ள ஈரப் புற்றரைகளில் ஊசிவால் உள்ளான் இறங்குவதும் இக்காலத்திலேயே. இலங்கைக்கு வரும் உள்ளான்களுள் மிகுதியானது இதுவே. புல்லுக்கும் அதன் முதுகுக்கும் வேற்றுமை காண்பது அரிது. காலடியிலிருந்து கிறீச்சென்று எழுந்து கோணல்மாணலாய்ப் பறந்தபின்னரே அது அங்கிருந்தமை தெரியும். ஆங்கிலேயர் காலத்தில் நுவரெலியாவுக்கு வந்தோர் பலர் துப்பாக்கியும் நாயும் கொண்டே வந்தனர். 1840 களின் பிற்பகுதியில் இங்கே குடியேற்றம் நிறுவிய சாமுவேல் பேக்கர் எழுதிய நூலின் தலைப்பிலேயே துப்பாக்கியும் வேட்டைநாயும் உண்டு. அக்காலத்தார் பறவைகளைக் கணக்கிட்டது பைக்குள்ளே விழுந்ததைக்கொண்டு. 1937 ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தோடு அக்கணக்குக்குக் கடிவாளம் விழுந்தது.

வாவியின் இன்றைய நிலைமை மகிழ்ச்சி தருவதன்று என்பதையும் கூறவேண்டும். கரையில் நடைபாதையும் விளையாட்டுப் பூங்காவும் அமைந்தன. நீரில் விசைப்படகுகள் இரைகின்றன. நகரத்தார்க்கும் பயணிகளுக்கும் பொழுதுபோக்கு வேண்டியதே. ஆயினும் கரை முழுவதையும் கல்லால் ஒழுங்கு செய்துவிட்டால், சேற்றை நம்பி வரும் பறவை எங்கே கால் வைக்கும்? வாவியின் மேற்றலையில், ஓடை வந்து கலக்குமிடத்தில், சிறிதளவு நாணலையும் சேற்றையும் தொடாமல் விட்டாலே போதுமானது. காண்போருக்கு அழகற்றதாய்த் தோன்றும் அந்த மூலையே பறவைகளின் உணவுச்சாலை.

வாவியை விட்டு நகரின் நடுவே சென்றால் விக்டோரியாப் பூங்காவை அடையலாம். விக்டோரியா மகாராணியாரின் வைரவிழா நினைவாக 1897 இல் அமைக்கப்பட்டது. பூப்பாத்திகளும் சிறுவர் ஊஞ்சல்களும் பள்ளிக்கூடச் சுற்றுலாக் கூட்டங்களும் நிறைந்த இடம். பறவைகளைத் தேடி ஒருவர் அங்கே செல்வார் என்று எண்ணத் தோன்றாது. ஆனால் உலகின் பல பாகங்களிலிருந்தும் பறவை காண்போர் அங்கே வருகின்றனர். வந்து, பூப்பாத்திகளுக்கு முதுகைக் காட்டி, பூங்காவின் ஓரத்திலே ஓடும் சிற்றோடையின் அருகில் மணிக்கணக்காக நிற்கின்றனர். அவ்வோடை அத்துணைத் தூய்மையானதன்று. நகரத்துக் கழிவும் அதிற் கலக்கிறது. ஆனால் நிழலும், அழுகிய இலைகளும், அவற்றினடியிற் புழுக்களும் அங்கே உண்டு. பூங்காவின் அழகை நாடுவோர் ஒதுக்கும் அவ்விடத்தையே பறவைகள் நாடுகின்றன.

அவ்வோடைக் கரைக்கு வருவோருள் முதலாவதாக உரைக்கத்தக்கது காஷ்மீர் ஈப்பிடிப்பான். ஒரு சாணுக்கும் குறைந்த நீளமும், ஏறத்தாழப் பத்துக் கிராம் நிறையும் உடைய சின்னஞ்சிறு பறவை. ஆணின் தொண்டையும் மார்பும் செங்கல்லின் செம்மை. அச்செம்மையின் இருமருங்கும் கரிய கோடு ஓடும். பெண் அவ்வளவு நிறமின்றி அடங்கிய தோற்றமுடையது. தாழ்ந்த கிளையில் அமர்ந்து, வாலை வெடுக்கென்று நிமிர்த்தி, கீழே பாய்ந்து ஒரு பூச்சியைக் கவ்வி மீளும். இத்துணைச் சிறிய உயிர், காஷ்மீரத்தின் மலைக்காடுகளிலே வைகாசி, ஆனி மாதங்களிற் கூடுகட்டிக் குஞ்சு வளர்த்துவிட்டு, அங்கே கோடை முடிந்து பகற்பொழுது சுருங்கும் செப்டெம்பரிற் புறப்படுகிறது. பாரத நாட்டின் நீளம் முழுவதையும் கடந்து, தலைமன்னார்ப் பக்கத்துக் கடலையும் தாண்டி, ஏறத்தாழ 3,000 கிலோமீற்றருக்குத் தெற்கேயுள்ள இப்பூங்காவை அடைகிறது. ஒக்டோபரில் வந்ததாயின் மார்ச் மாத இறுதிவரை இருக்கும்.

இப்பறவைக்கு உலகிலே குளிர்கால இல்லங்கள் பல இல்லை. இலங்கையின் மலைநாடும், தென்னிந்தியாவில் நீலகிரி முதலாய மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதிகளுமே அதன் புகலிடம். கோடை இல்லமும் அவ்வாறே குறுகியது: காஷ்மீரமும் அதனை அடுத்த மலைகளுமே. அங்கே மரத்துக்காகவும் மேய்ச்சலுக்காகவும் காடு குறைந்து வருவதனால் இப்பறவையின் தொகையும் குறைந்துவிட்டது. உலகப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனங்களின் வரிசையிற் சேர்த்துள்ளது. இரண்டு வீடுள்ள பறவைக்கு இரண்டு வீடும் வேண்டும். காஷ்மீரத்தார் காட்டைக் காத்தாலும் நுவரெலியாவில் நிழலோடையை மூடிவிட்டாற் பயனில்லை. இங்கே காத்து அங்கே அழித்தாலும் அவ்வாறே. ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஊரார் ஒரு பறவைக்குப் பொறுப்பாளிகளாயிருக்கும் விந்தை இது.

இத்தகைய பயணத்தை அச்சிறு பறவை எங்ஙனம் செய்கிறது என்று நேயர்கள் வினவக்கூடும். புறப்படுமுன் அது மிகுதியாக உண்டு, உடலிற் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். அதுவே வழிக்கட்டுச் சோறு. சிறு பறவைகள் பெரும்பாலும் இரவிலேயே பறக்கும். குளிர்ந்த காற்று உடலைக் காக்கும். வல்லூறுகளின் தொல்லையும் குறையும். பகலில் இறங்கி இரை தேடும். வழியறிவதற்கு விண்மீன்களின் நிலையும், மேற்கே மறையும் ஞாயிற்றின் ஒளியும், நிலவுலகின் காந்தத் தன்மையும் துணைசெய்கின்றன என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். தாயும் தந்தையும் வழிகாட்டாமலே, அவ்வாண்டிற் பிறந்த குஞ்சுகளும் தாமாகவே திசையறிந்து பறக்கின்றன என்பதுதான் வியப்பிலும் வியப்பு.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் அகலம். அதே கடலைக் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள்தாம் மலைநாட்டுத் தமிழரின் முன்னோர். பறவைகள் பங்குனியில் வீடு திரும்பின. வந்த மனிதருள் வழியிலேயே மாண்டோர் பலர். எஞ்சியோர் இங்கேயே வேரூன்றினர். பறவைகளின் கதையைச் சொல்லும்போது அவர்களை நினையாமல் அப்பாதையைப் பற்றிப் பேசுதல் கூடாது.

விக்டோரியாப் பூங்காவின் ஓடைக்கு வரும் மற்றொரு விருந்தாளி, கருப்பும் வெள்ளையும் கலந்த ஒரு பூங்குருவி. கண்ணுக்கு மேலே பளிச்சென்ற வெண்புருவம் உண்டு. இமயத்திலே கோடையைக் கழித்துப் பெரும்பாலும் இலங்கை மலைநாட்டுக்கே வந்து குளிர்காலத்தைக் கழிப்பது. மிக்க நாணமுடையது. பகலெல்லாம் இலைகளுக்கிடையே மறைந்திருந்து, மாலை மங்கும் நேரத்தில் உறங்குமிடத்துக்குப் பறந்து செல்லும் அந்தச் சில நிமிடங்களிலேதான் அதனைக் காண இயலும். காண வந்தவர் பேசினாலும் புகைத்தாலும் அன்றைய வாய்ப்புப் போயிற்று. பறவை காண்பதற்குத் தொலைநோக்கி வேண்டும் என்பர். அதனினும் அசையாமல் நிற்கும் கால்களே முதலில் வேண்டும்.

நகரை அடுத்து, முழுவதும் சுற்றிவர ஒரு மணிநேரங் கூடப் பிடிக்காத ஒரு காட்டுத்துண்டு உண்டு. கல்வேஸ் லாண்ட் என்பது அதன் பெயர். பரப்பு முப்பது ஹெக்டேயருக்கும் சற்றுக் குறைவு. 1938 இற் சரணாலயமாக்கப்பட்டது. 2006 இல் தேசிய வனமாக உயர்த்தப்பட்டது. இத்துணைச் சிறிய தேசிய வனமா என்று நகைப்போரும் உளர். ஆனால் அதனுள்ளே நுழைந்து பத்து நிமிடம் நின்றவர் நகையார். மலைக்காட்டிற் சிறு பறவைகள் தனித்தனியே திரிவதில்லை, கூட்டமாகவே வரும். முதலில் ஓசை ஒன்றுமில்லாத அமைதி. பின்னர் மெல்லிய கிச்சுக்கிச்சு ஒலி. உடனே தலைக்கு மேலே கிளைகள் யாவும் உயிர்பெற்றதுபோல அசையும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமிட்ட வெள்ளைக்கண்ணிக் குருவிகள் முன்னே வரும். பின்னே சிட்டுகள், தலைகீழாய் மரத்தில் இறங்கும் நீலநிறப் பசையெடுப்பான், சாம்பல் தலையுடைய சிறு ஈப்பிடிப்பான். செப்டெம்பர் முடிவில் இக்கூட்டத்துடன் வடநாட்டு இலைக்கதிர்க்குருவிகளும் சேர்ந்துகொள்ளும். ஊர்ப் பறவைகளுக்கு எந்த மரத்திற் புழு உண்டென்று தெரியும். புதிதாய் வந்தவை அவற்றைப் பின்தொடர்ந்து பசியாறும். ஐந்து நிமிடத்திற் கூட்டம் கடந்துவிடும். காடு மீண்டும் வெறுங் காடாகும்.

இனி உள்ளூர்ப் பறவைகளைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். விருந்தாளியைப் புகழ்ந்து வீட்டாரை மறத்தல் முறையன்று. உலகில் வேறெங்குமில்லாது இலங்கைக்கே உரிய பறவையினங்கள் முப்பதுக்கு மேற்பட்டவை. அவற்றுள் ஆறு, மலைநாட்டைத் தம் சிறப்பிடமாகக் கொண்டவை. மேலே கூறிய வெள்ளைக்கண்ணி அவற்றுள் ஒன்று. மஞ்சட்செவிக் கொண்டைக்குருவி இன்னொன்று. கரிய தலையின் இருபுறமும் மஞ்சள் மயிர்க்கற்றை சூடியிருக்கும். ஹக்கலைப் பூங்காவில், நின்று பார்ப்பவருக்கு எட்டிய தூரத்திலேயே அது பழங்களைக் கொத்திக்கொண்டிருக்கும். 1861 இற் சிங்கோனாப் பயிரை ஆராய்வதற்காக அமைக்கப்பட்ட தோட்டமே அப்பூங்கா. அதன் பின்னே செங்குத்தாய் எழும் ஹக்கலைப் பாறையும், பாறையைப் போர்த்த காடும் பூங்காவின் மலர்களை விட அழகுடையவை என்பதே பறவை காண்போர் தீர்ப்பு. சீதா எலிய கோயிலுக்குச் செல்வோர் சற்றே தூரம் மேற்சென்றால் இப்பூங்காவையும் காணலாம்.

மங்கிய நீலநிற ஈப்பிடிப்பான் காட்டோரக் கிளையில் அஞ்சாது அமர்ந்திருக்கும். புதர்க் கதிர்க்குருவி அதற்கு நேர்மாறானது. நெருங்கிய புதரடியிலே ஆணும் பெண்ணுமாக எலிபோல ஓடித்திரியும். இலைகள் அசைவதைப் பார்த்து அது அங்கிருப்பதை ஊகிக்கவேண்டியதே. மலைப்புறா உயர்ந்த மரங்களின் கனிகளை நாடித் திரிவது. கழுத்தின் பின்னே சதுரங்கப் பலகைபோலக் கருப்பும் வெள்ளையும் கலந்த அடையாளம் உண்டு. அதன் குரல் ஆந்தையின் குரலை ஒத்திருப்பதால், கேட்டவர் பலர் கேட்டது புறா என்று நம்பார்.

ஆறாவது பறவை சீழ்க்கைப் பூங்குருவி. அதனைக் காண்பது ஒரு பேறு. ஆண் கருநீலம்; தோளில் ஒரு பளிச்சிடும் நீலத் திட்டு. பெண் கபில நிறம். நீரொலி நிறைந்த இருண்ட பள்ளங்களில், விடியற்கு முந்திய அரைமணியிலும் அந்தியிலும் மட்டும் வெளிவரும். நத்தை, தவளை, பூச்சி ஆகியவற்றை உண்ணும். ஹப்புத்தளைப் பக்கத்திற் கோப்பித் தோட்டஞ் செய்த சாமுவேல் பிளை என்பவரின் பெயரை, 1872 இல் ஹோல்ட்ஸ்வர்த் என்னும் அறிஞர் இப்பறவைக்கு இட்டார். அறிவியலார் அக்காலத்தில் அதன் பேரினத்துக்கு வழங்கிய பெயர் அறெங்கா. இன்றும் ஹோர்ட்டன் சமவெளிக்குச் செல்லும் வழியிலுள்ள ஒரு சிறு குளத்துக்கு அறெங்காக் குளம் என்றே பெயர். நூல்களில் வழக்கொழிந்த பெயரொன்று வழியோரக் குளத்திற் பிழைத்திருக்கிறது.

நுவரெலியாவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அச்சமவெளிக்கு, விடியுமுன் புறப்பட்டுச் சென்றாலன்றி அறெங்காக் குளத்தின் அருமையைக் காண இயலாது. குளிர் எலும்பைத் துளைக்கும். குளத்தின் கரையில் அடர்ந்த மரங்கள் கறுத்து நிற்கும். வண்டிகளின் விளக்கொளி இல்லாத ஓர் இடைவேளையில் அக்காட்டினுள்ளிருந்து கூரிய சீழ்க்கையொலி இருமுறை மும்முறை எழும். பலர் அவ்வளவிலே திருப்தியடைந்து திரும்புகின்றனர். உலக முடிவு என்னும் பாறை விளிம்பைக் காண விரையும் பெருங்கூட்டத்துக்கு அக்குளத்தருகே நிற்கப் பொழுதில்லை; முகில் ஏறுமுன் விளிம்பை அடைந்துவிட வேண்டுமென்ற அவசரம் அவர்களுக்கு.

ஹோர்ட்டன் சமவெளியிற் புல்வெளியும் காடும் கத்திகொண்டு வெட்டினாற்போல அடுத்தடுத்து நிற்கும். காட்டு மரங்கள் குட்டையானவை. காற்றினால் முறுகி வளைந்தவை. கிளைகள் யாவும் பாசியாலும் மரத்தாடியாலும் போர்த்தவை. மரத்தடியில் நெலு என்னும் செடி அடர்ந்திருக்கும். நீலகிரிக் குறிஞ்சிக்கு அது நெருங்கிய உறவு. அதன் சில வகைகள் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை ஒருசேரப் பூத்து மடியும். பின்னர் உதிரும் விதையை நாடிக் காட்டுக்கோழிகள் கூட்டமாய் வரும். இக்காட்டின் தொழில் பறவைக்கு இடங்கொடுப்பதோடு அமைவதன்று. தவழ்ந்து செல்லும் முகில் பாசியிற் பட்டு நீர்த்துளியாகி, கிளைவழியே சொட்டி, மண்ணிற் சேர்ந்து, ஓடையாகிறது. மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் நீர் ஊட்டும் ஊற்றுகள் இம்மேட்டிலே தோன்றுகின்றன. ஆதலின் பொலன்னறுவையில் நாற்று நடும் உழவருக்கும் இப்பாசிக்கும் தொடர்புண்டு.

இக்காட்டிலே பல ஆண்டுகளாக ஒரு நோய் காணப்படுகிறது. உச்சிக்கிளை முதலில் உலரும். பின்னர் மரம் முழுவதும் நின்றபடியே மடியும். 1970 களின் இறுதியிலிருந்து இது கவனிக்கப்பட்டு வருகிறது. கீன முதலிய மரங்கள் மிகுதியாகப் பட்டுப்போயின. வறட்சி என்பர் சிலர். மண்ணின் தன்மை என்பர் சிலர். தாழ்நிலத்திலிருந்து காற்றோடு வரும் நச்சுப்பொருள் என்பர் வேறு சிலர். ஆராய்ந்தோர் இன்னும் ஒருமுகமாக முடிவு கூறவில்லை. காரணம் எதுவாயினும், மேற்கவிகை மடிந்த இடத்தில் ஒளி புகுந்து, பாசி உலர்ந்து, புதரின் இயல்பே மாறுகிறது. இருளையும் ஈரத்தையும் நாடும் சீழ்க்கைப் பூங்குருவிக்கு அங்கே இடமில்லை. அப்பறவை இன்று அருகிவரும் இனமாகக் கணிக்கப்பட்டுள்ளது. வலசைப் பறவைக்காவது வேறொரு நாடு உண்டு. இதற்கு இம்மலையைத் தவிர உலகில் வேறு வீடு இல்லை.

பயணிகள் எறியும் எஞ்சிய உணவினால் வரும் தீங்கும் உண்டு. உணவு சிந்திய இடத்துக்குக் காகம் வரும். வந்த காகம் உணவு தீர்ந்ததும் திரும்பிப் போவதில்லை. அண்டையிலுள்ள சிறு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தேடும். சமவெளியின் வாயிலிலே பிளாஸ்திக் உறைகளைக் காவலர் வாங்கிவைப்பது சிலருக்குத் தொல்லையாய்த் தோன்றலாம். ரொட்டித் துண்டையும் அவ்வாறே வாங்கிவைக்க இயலாதே என்பதுதான் பறவை காண்போர் கவலை.

இக்காலத்தில் மலைநாடு செல்ல விரும்பும் நேயர்களுக்கு ஒரு சொல். வாலாட்டியையும் கடற்கரை உள்ளானையும் காண ஓகஸ்ட் இறுதி போதும். இலைக்கதிர்க்குருவிகளுக்கும் ஊசிவால் உள்ளானுக்கும் செப்டெம்பர். காஷ்மீர் ஈப்பிடிப்பானையும் கருப்புவெள்ளைப் பூங்குருவியையும் நாடுவோர் ஒக்டோபர் நடுப்பகுதிவரை பொறுத்திருத்தல் வேண்டும். ஒக்டோபரிற் பிற்பகலில் இடிமழை தவறாது. ஆகவே காலையையே நம்புக. ஜீ. எம். ஹென்றி என்பார் 1955 இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய ஆங்கில நூல், பல பெயர்கள் மாறிவிட்ட இந்நாளிலும், பறவையின் பழக்கவழக்கங்களை அறிவதற்குச் சிறந்த துணையாகும். அதிலுள்ள படங்களும் அவரே வரைந்தவை.

மலைநாடு செல்ல இயலாதார் வீட்டிலிருந்தே காணக்கூடிய விருந்தாளி ஒன்றுண்டு. அதுவே ஆறுமணிக்குருவி. பச்சை முதுகும், நீலத் தோளும், செம்மஞ்சள் வயிறும், குட்டை வாலும் உடையது. காலையும் மாலையும் ஆறுமணியளவில் இருசீர்ச் சீழ்க்கை அடிப்பதனால் அப்பெயர் பெற்றது. இரவிற் கடல்கடந்து வந்து, களைப்பினால் அது வீட்டு முற்றத்திலோ, விளக்கொளியில் மயங்கி வீட்டினுள்ளேயோ விழுதல் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் இலங்கையின் பல பாகங்களிலும் நிகழ்வதே. அவ்வாறு விழுந்ததைச் சிறுவர் கூண்டில் இடுதல் கூடாது. அது நோயுற்ற பறவையன்று, பயணக் களைப்புற்றது. பூனை அணுகாதபடி, காற்றுப் புகும் ஓர் அட்டைப் பெட்டியில் இருளில் ஓய்வாக விட்டு, சற்றே தெளிந்ததும், அந்தி சாயுமுன், புதர் நிறைந்த நிழலான ஓரிடத்திற் பெட்டியைத் திறந்துவிடுதல் வேண்டும். பெரும்பாலும் அது உடனே பறவாது. இலைகளுக்குள் இரண்டடி தத்திச் சென்று, ஒருமுறை வாலை அசைத்துவிட்டு, இரை தேடத் தொடங்கும்.